நீல மூடி

என் அண்ணன் ஈவாரை இயந்திரத்தோடு இணைத்து ஏழு நாள். அவனுடைய நுரையீரல் வேலையை அதுதான் பார்த்தது. ரத்தத்தை வெளியே இழுத்து, மூச்சு ஏற்றி, திருப்பி அனுப்பியது. ஆனால் ரத்தத்தில் கிருமி இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.

"ரத்தத்துல கிருமி மருந்து வேண்டியதைவிட ரெண்டு மடங்கு இருக்கு" என்றார் டாக்டர் ஹால்டிஸ். "வலிப்பு வந்துடும். இன்னிக்கே பாதியாக் குறைக்கிறேன்."

மருந்தாளர் டோர்ஸ்டைன் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடிக்குதே! இயந்திரத்தோட இவ்வளவு குழாயும் மருந்தைக் குடிக்கும். சிறுநீரும் பை பையாப் போகுது. குறையணும். எப்படிக் கூடிச்சு?"

"நீங்க கேக்கைக்கூட எடை போட்டுத்தான் தின்பீங்களா?" என்றார் ஹால்டிஸ்.

"போடாம எப்படித் தின்றது?" என்றவர் செவிலி க்ரூவிடம் திரும்பினார். "ரத்தம் எங்கேர்ந்து எடுத்தே?"

"கழுத்துக் குழாய்ல, வெள்ளை மூடி."

கழுத்துக் குழாய்க்கு மூன்று வாய், மூன்று நிற மூடி. மருந்து போவது நீலத்தில். ஏழு நாளாக நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீலம்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். "நீலத்துலதான் எடுத்தாங்க!"

க்ரூவின் காது சிவந்தது. "ஐயோ, ஆமா. வெள்ளையில ரத்தம் வரல. ஆனா நீலத்தைக் கழுவிட்டுத்தான் எடுத்தேன்."

"கழுவினாலும் உள்ளே ஒட்டியிருக்கும்" என்றார் டோர்ஸ்டைன். "நீ அளந்தது குழாயை. ஈவாரை இல்ல."

மணிக்கட்டில் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மதியம் முடிவு வந்தது: வேண்டியதில் பாதிகூட இல்லை. ஹால்டிஸ் காலையில் எழுதியதை அடித்துவிட்டு அளவைக் கூட்டினார். இனி இடைவெளி விடாமல் நாள் முழுக்கச் சொட்டட்டும் என்றார்.

"அப்போ இத்தனை நாளா மருந்து எங்கே போச்சு?" என்று டோர்ஸ்டைனிடம் கேட்டேன்.

அவர் குழாயருகே குந்தினார். "கொஞ்சம் இதுல. கொஞ்சம் சிறுநீர்ப் பையில. மிச்சம்? சத்தியமாத் தெரியலம்மா. நாளைக்கு ரத்தம் இயந்திரத்துக்குள்ள போறதுக்கு முன்னால ஒண்ணு, வெளியே வந்த பின்னால ஒண்ணு எடுத்துப் பாப்போமா?"

'பாப்போமா' என்று என்னையும் சேர்த்துக் கேட்டார். தலையாட்டினேன்.

அளவைக் கூட்டிய மூன்றாம் நாள் சோதனைக்கு அனுப்பிய ரத்தத்தில் எந்தக் கிருமியும் முளைக்கவில்லை.