இரண்டு நம்பரும் ஒரே போனில்

அப்டேட் போடாதே என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஒரு காரியம் மனசில் விழுந்துவிட்டால் அதை முடிக்கிற வரை எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் நாகேஷ் இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்து பதினான்கு வருஷம் ஓட்டிவிட்டார்.

அவருக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் டயாலிசிஸ் சென்டரில் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை படுத்திருப்பார். என் கிட்னி அவருக்குப் பொருந்தவில்லை. அதனால் வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வைத்திருக்கிறோம். இறந்துபோன யாராவது ஒருவருடைய கிட்னி கிடைத்தால் போன் செய்வார்கள். அவருடைய ரத்த வகையில் அவர் இரண்டாவது ஆள். போனை எடுக்காவிட்டால் ஒரு மணி நேரம் பார்ப்பார்கள், பிறகு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மூன்றாவது ஆள் யாரென்பது எங்களுக்குத் தெரியும். விஜி. முப்பத்திரண்டு வயசு. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பியூட்டி பார்லரில் வேலை. அவளும் இதே சென்டரில்தான், மத்தியான ஷிப்டில் வருகிறாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியில் இந்த லிஸ்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஷில்பா மேடத்திடமிருந்து மெசேஜ் வந்தது. "இரண்டு நாளைக்குப் போன் கையிலேயே இருக்கட்டும்." அவ்வளவுதான். அதைப் பார்த்ததிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் போன் பத்து நாளாகவே சரியில்லை. கால் வரும், சத்தம் வராது. பிறகு எடுத்துப் பார்த்தால் மிஸ்டு கால் என்று இருக்கும்.

சனிக்கிழமை காலை அவரைச் சென்டரில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். போனில் ஒரு அறிவிப்பு நின்றிருந்தது. புதிய அப்டேட் தயார், அழைப்பு ஒலியில் இருந்த கோளாறுகள் சரிசெய்யப்பட்டுள்ளன என்று. கடவுளே பார்த்து அனுப்பியது போல இருந்தது. இடம் போதாது என்றது. நாத்தனார் மகள் கல்யாண வீடியோவை எல்லாம் அழித்தேன். சார்ஜ் முப்பத்தொன்றுதான் இருந்தது, போதும் என்று நினைத்தேன். எட்டு இருபதுக்கு அமுக்கினேன்.

போன் அணைந்து, கம்பெனி பெயர் வந்து, அப்படியே நின்றது. பத்து நிமிஷம் பார்த்தேன். இருபது நிமிஷம் பார்த்தேன். பொறுக்கவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். அதைத்தான் செய்யக்கூடாதாம். அதன்பிறகு கம்பெனி பெயர் வரும், இருட்டாகும், மறுபடி பெயர் வரும். வேறு எதுவும் இல்லை. சமையலறையில் நின்று அந்தப் போனை அடிக்காத குறையாகத் திட்டினேன்.

கோல்ஸ் பார்க் பக்கம் தினேஷின் மொபைல் கடை இருக்கிறது. ஷட்டர் திறக்கும்போது நான் வாசலில் நின்றிருந்தேன்.

"இன்னாக்கா, காத்தாலயே?"

சொன்னேன். போன் எதற்காக என்பதையும் சொன்னேன். அவன் முகம் மாறியது. பையை ஓரமாக வைத்துவிட்டுப் போனை வாங்கினான்.

"மொதல்ல சிம்மைக் கழட்டி என் போன்ல போட்டுடலாம்கா. கால் அதுல வந்துடும். அப்புறம் நிதானமா இதைப் பார்க்கலாம்."

"இதுல சிம்மே கிடையாது, தினேஷு."

பழைய போனாகப் பார்த்து வாங்கியது. சிம் போடுகிற இடம் துருப்பிடித்திருந்ததால், போன வருஷம் கம்பெனிக்காரர்கள் இ-சிம்மாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சிம் என்று ஒரு துண்டு கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே இருக்கும். அவர் போன் பஸ்ஸில் தொலைந்தபோது அவர் நம்பரையும் இதிலேயே போட்டுக்கொண்டோம். ஆஸ்பத்திரி பாரத்தில் இரண்டு நம்பர் கேட்டார்கள், இரண்டு கொடுத்திருக்கிறோம். இரண்டும் இந்தப் போனில்தான். இந்த அறிவாளித்தனம் என்னுடையதுதான்.

"புது இ-சிம் வாங்கலாமே?"

"ரெண்டுமே அவர் பேர்ல இருக்கு. அவர் நேர்ல வரணும், ஆதார் காட்டணும். அவரு மெஷின்ல படுத்திருக்காரு. வந்தாலும் இன்னைக்கே கிடைக்குமோ என்னமோ."

தினேஷ் முதலில் சார்ஜில் போட்டான். அப்புறம் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தி ஏதோ ஒரு கறுப்புத் திரைக்குப் போனான். அங்கே இருந்த ஒரு வரியைக் காட்டினான். "இதை அமுக்குனா பத்து நிமிஷத்துல போன் உயிரோட வந்துடும்கா. ஆனா உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சுடும். நம்பரும் போனாலும் போயிடும்."

"அப்ப வேணாம்."

"இன்னொரு வழி இருக்கு. கம்ப்யூட்டர்ல மாட்டி, அதே சாப்ட்வேரை மேலயே திரும்ப ஏத்தணும். எதுவும் அழியாது. ஆனா அஞ்சு ஜிபி டவுன்லோட் ஆகணும். மூணு நாலு மணி நேரம் ஆயிடும்."

மூன்று நாலு மணி நேரம். ஷில்பா மேடத்திடம் முன்னாடியே சொல்லிவிட்டால் போதும், வேறு நம்பருக்குக் கூப்பிடுவார். ஆனால் மேடத்தின் நம்பர் செத்த போனுக்குள் இருந்தது. ஆஸ்பத்திரியின் பொது நம்பரைத் தினேஷ் தேடிக் கொடுத்தான். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்றது, பாட்டுப் போட்டது, கடைசியில் ஒரு பெண் வந்து சனிக்கிழமை அந்த ஆபீஸ் லீவு, திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்றாள்.

என் பையில் அவருடைய டயாலிசிஸ் நோட்டு இருந்தது. அதன் பின்னட்டையில், ஷிப்ட் மாற்றிக்கொள்ள எப்போதோ எழுதிவைத்த விஜியின் நம்பர் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவளிடமா? எங்கள் போன் செத்துவிட்டது என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியக்கூடாதென்றால் அது அவள்தான். வேறு வழி இல்லை. தினேஷின் போனிலிருந்து கூப்பிட்டேன்.

விஜி ஷில்பா மேடத்தின் நம்பரைச் சொன்னாள். எழுதிக்கொண்டு கூப்பிட்டேன். ஆறு தடவை. எடுக்கவில்லை. தெரியாத நம்பரை அவர் எடுக்கமாட்டார், பதிந்த நம்பரிலிருந்துதான் கூப்பிட வேண்டுமென்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். மெசேஜ் போட்டோம், ஒரே ஒரு டிக்கோடு நின்றது. மறுபடி விஜியையே கூப்பிட்டேன்.

"விஜி, உன் நம்பர்லேர்ந்து கூப்பிட்டா எடுப்பாங்க. எங்க போன் கெட்டுப்போச்சு, இந்தக் கடை நம்பருக்குப் பண்ணணும்னு நீ சொல்லிடறியா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"எனக்கும் நேத்து மெசேஜ் வந்துச்சுக்கா," என்றாள். "போன் கையில இருக்கணும்னு." அப்புறம், "சரிக்கா, நான் பண்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்போது பதினொன்று அடிக்க ஐந்து நிமிஷம்.

அந்தக் கொஞ்ச நேரச் சத்தமில்லாமை என் காதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எதற்கு யோசித்தாள்? எதை யோசித்தாள்? கால் மணி நேரம் கழித்து, சொல்லிவிட்டாளா என்று கேட்கக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு. ஐந்து நிமிஷம் கழித்து எங்கேஜ்டு. பத்து நிமிஷம் கழித்தும் எங்கேஜ்டு. யாரோடு பேசுகிறாள்? எனக்குத் தெரிந்துவிட்டது. ஷில்பா மேடம் அவளைக் கூப்பிட்டுவிட்டார். 'நாகேஷ் எடுக்கல, நீங்க கிளம்பி வாங்க' என்கிறார். அவள் துணியை எடுத்து வைக்கிறாள். என் கண்ணுக்கு அந்தப் பை கூடத் தெரிந்தது.

சென்டருக்குப் போன் செய்து சொல்லிவைத்திருந்ததால், டயாலிசிஸ் முடிந்து நாகேஷ் மெதுவாக நடந்து கடைக்கே வந்தார். ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"விஜி சொல்லிடுவா, மகா."

"உங்களுக்கு ஊரே நல்லவங்கதான்."

"போன் போட்டு அவகிட்டயே சொல்லிட்டு, இப்ப அவளைத் திட்டறே."

"அவ எடத்துல இருந்தா நீங்க சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்," என்றார். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

டவுன்லோட் அறுபத்திரண்டு பர்சென்டில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் ஓடியது, ஆனால் நெட் நின்றுவிட்டது. தினேஷ் தன் போனிலிருந்து நெட் கொடுத்தான். அது எறும்பு ஊர்வதுபோல ஏறியது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட வேண்டியதும் அதே போனுக்குத்தான் என்பதால் அதை நான் கையில் பிடித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை அடித்தது. ஒன்று தினேஷின் அக்கா, இன்னொன்றில் எவனோ ஒருவன் லோன் வேண்டுமா என்றான். அவனிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பன்னிரண்டரைக்கு மேல் விஜிக்கு ரிங் போனது, எடுக்கவில்லை. ஷிப்ட் ஆரம்பித்திருக்கும், பையில் வைத்திருப்பாள் என்றார் அவர். வைட்ஃபீல்டுக்குப் போகிற வண்டியில் இருப்பாள் என்று நினைத்தேன் நான். சென்டர் நாலு தெரு தள்ளித்தான். போய்ப் பார்த்திருக்கலாம். அவள் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து போகவில்லை.

இரண்டே முக்காலுக்குத் தினேஷ் "அக்கா" என்றான். கம்பெனி பெயர் வந்தது, இருட்டாகவில்லை. ஒரு கோடு நகர்ந்தது. 'ஆப்கள் தயாராகின்றன' என்று ஒரு எண் ஏறிக்கொண்டே போனது. பூட்டுத் திரை வந்தது. மேலே ஓரத்தில் சிக்னல், இரண்டு நம்பருக்கும். நாகேஷ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரே ஒரு மெசேஜ் இருந்தது. ஷில்பா மேடம், பதினொன்று ஐம்பதுக்கு, பழக்கத்தில் எங்கள் நம்பருக்கே போட்டிருந்தார். "விஜி சொன்னாங்க. கடை நம்பர் எழுதிக்கொண்டேன். பயப்படாதீங்க." அதைப் படித்துவிட்டு உடனே அவரைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

"டென்ஷன் மாடபேடி மகா, பயப்படாதீங்க," என்றார். "இன்னைக்கு ஒண்ணும் இல்லை. கிட்னி குடுக்கறதா இருந்த குடும்பம் கடைசியில வேணாம்னுட்டாங்க. பெத்தவங்க, என்ன சொல்ல முடியும்?"

யாரோ ஒருவருடைய பிள்ளை. காலையிலிருந்து அதை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கிட்னி எங்களைத் தாண்டிப் போய்விடக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"விஜி பாவம்," என்றார் மேடம். "லீவுன்னாலும் நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். வெளிய வந்து பார்த்தா பதினேழு மிஸ்டு கால். விடாம அடிச்சிட்டே இருந்திருக்காங்க. அவங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

எங்கேஜ்டு, எங்கேஜ்டு, எங்கேஜ்டு.

"சரி மகா, ரெண்டு நம்பரையும் ஒரே போன்ல வைக்கக்கூடாது. வேற ஒருத்தர் நம்பர் குடுங்க, எழுதிக்கறேன்."

என் அண்ணன் ஹோசூரில் இருக்கிறான். அவன் பெயர்தான் வாய்க்கு வந்திருக்க வேண்டும். "விஜி நம்பரையே போட்டுக்கோங்க மேடம்," என்றேன்.

அவர் சிரித்தார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"ஏன் மேடம்?"

"அவங்க பாரத்துல ரெண்டாவது நம்பர் உங்களுதுதானே. பதிஞ்ச அன்னைக்கே குடுத்துட்டாங்க. ஒன்றரை வருஷம் ஆச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. இத்தனை நாளும், விஜி போனை எடுக்காவிட்டால் எனக்குத்தான் வந்திருக்கும். 'விஜி எடுக்கல, கொஞ்சம் சொல்லிடறீங்களா' என்று என்னிடம்தான் கேட்டிருப்பார்கள். சரி என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். பதினேழு தடவை அடித்திருப்பேனா? ஒரு தடவை அடித்துவிட்டு, எடுக்கவில்லை என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

நாகேஷை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சென்டருக்குப் போனேன். கடைசிக் கட்டிலில் விஜி படுத்திருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தாள்.

"போன் வந்துடுச்சாக்கா?"

"வந்துடுச்சு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். எதற்கு என்று அவள் கேட்பாள். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"எம் போனு அந்தப் பையில இருக்குதுக்கா. கை வலிக்குது, கொஞ்சம் தூங்கறேன். ஏதாவது கால் வந்தா எழுப்புவீங்களா?"

"எழுப்பறேன். தூங்கு."

அவள் உடனே தூங்கிப்போனாள். பையிலிருந்து அவள் போனை எடுத்துச் சத்தத்தை முழுசாக வைத்தேன். என் போனிலும் வைத்தேன். இன்றைக்கு எதுவும் வராது என்று தெரிந்தும் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, நாலரை மணி வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் கேட்டிருந்தாலும் எழுப்பறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நானே நம்பியிருக்க மாட்டேன்.