காணாத எடை

1.

இந்தக் கதை ஒரு செய்தித்தாளில் பிறந்தது. 2006 கடைசியில், எங்கள் தீவுக்கு விமானத்தில் வந்த மெயின்லேண்ட் பேப்பரில் படித்தேன்: பெருவெளியில் இரண்டு பெரும் விண்மீன் கூட்டங்கள் மோதியிருக்கின்றன. வாயு வாயுவோடு முட்டித் தேங்கிவிட்டது. எடையில் பெரும்பங்கோ எதிலும் முட்டாமல் ஊடுருவிப் போய்விட்டது. அது கண்ணுக்குத் தெரியாது; பின்னாலிருந்து வந்த ஒளி வளைந்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். இருண்ட பொருள் என்று அதற்குப் பேர்; அது துகள்களால் ஆனது என்பதற்கு இது ஒரு சாட்சியாம். (துகளை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. பிடித்ததாக நானும் சொல்லவில்லை.)

இதில் வரும் ராக்கப்பன் நானல்ல. எங்கள் குடும்பத்தில் யாரும் இப்படி நடந்துகொண்டதில்லை.

2.

முதலில் எழுதியது: "கடல் பொங்கிய அன்று ராக்கப்பன்..."

வேண்டாம். கடலில் தொடங்கினால் பழி கடல்மேல் போய்விடும்.

மறுபடியும். 2003. மகள் காவேரி ஒரு பெங்காலிப் பையனைக் கட்டிக்கொண்டு கார் நிகோபாருக்குக் கப்பலேறிய மறுநாள், ராக்கப்பன் அவளைத் தலைமுழுகினார். டெலானிபூரில் அவர்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். சின்ன வயதில் பள்ளிவிட்டு வந்ததும் காவேரி கேட்கும் முதல் கேள்வியே "தண்ணி வந்துச்சாப்பா?" என்பதுதான். பிடித்து வைத்திருந்த ஒரு டிரம் தண்ணீரையும் வாசலில் நின்று, தெருவே பார்க்க, தலையில் ஊற்றிக்கொண்டார். "எனக்கு மக இல்ல. செத்துட்டா."

அடுத்த வருஷம் டிசம்பரில் சுனாமி. அந்தப் பெங்காலிப் பையனின் உடல் கிடைத்தது. காவேரி கிடைக்கவில்லை.

3.

மனைவி ஒச்சம்மா இரண்டு வருஷமாகக் கேட்பது ஒன்றுதான். "கடல்ல ஒரு முழுக்குப் போட்டு அவள அனுப்பி வைங்க."

ராக்கப்பன் அசையவில்லை. ஒருத்திக்கு இரண்டு முறை முழுகினால், முதல் முழுக்கு பொய் என்றாகிவிடும்.

(இந்த ஆளை இங்கே சந்தேகித்தேன். இவ்வளவு கல்லா? அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதப் பார்த்தேன். அவர் வளைந்து கொடுக்கவில்லை.)

அந்தப் பேச்சை மாற்றத்தான் பேப்பரை விரித்தார்.

"விஞ்ஞானிகளுக்கு ரெண்டே வழி, ஒச்சம்மா. ஒண்ணு, தெரியாத துகள் ஏதோ இருக்கு. இல்லேன்னா, இத்தன காலம் நம்புன சட்டமே தப்பு."

"நீங்க எந்தக் கட்சி?"

"சட்டம் தப்பாகாது."

"பக்கா?"

"பக்கா."

"அப்ப அது இருக்குதானே?"

பேப்பரை மடித்தார்.

"பஜாருக்கு நேரா போனா பத்து நிமிஷம். அவ படிச்ச ஸ்கூல் வாசல் வரும்னு மேட்டச் சுத்தி அரை மணி நேரம் நடக்குறீங்க. இல்லாத மகளுக்கு எதுக்குங்க இம்புட்டு வளைவு?"

"டாக்டர் நடக்கச் சொன்னாரு."

"முட்டி வீங்கிக் கெடக்குற ஆளையா? நல்ல டாக்டரு!"

4.

டிசம்பர் இருபத்தாறு, காலை. கார்பின்ஸ் கோவ் கடற்கரை. முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) முழுகுகிறார். எழும்போது அவருக்கு ஒரு மகள் இருந்தாள் என்றாகிறது. அந்த நொடியே இல்லாமலும் போகிறாள். கிழித்துவிட்டேன்.

ஆ) முழுகாமல் திரும்புகிறார். மானம் நிற்கிறது. ஏதோ ஒரு தீவில் அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கலாம் என்பதும் நிற்கிறது. (தெருவுக்குப் பயந்து அல்ல, இதற்காகத்தான் அவர் முழுகவில்லையோ? ஒச்சம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.)

இ) ஹாடோ துறையில் கப்பல் நிற்கிறது. காவேரி பையோடு இறங்கி வந்து, "தண்ணி வந்துச்சாப்பா" என்று

5.

முடிக்க முடியவில்லை. ராக்கப்பனைக் கடலில் முட்டியளவு தண்ணீரில் நிறுத்தியிருக்கிறேன். கரையில் ஒச்சம்மா, கையில் உலர்ந்த துண்டு.

நீங்கள் எங்கள் தெருக்காரர் அல்ல. அதனால் உங்களிடம் விடுகிறேன். முழுக வையுங்கள், அல்லது திரும்ப வையுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எதுவானாலும், வீட்டுக்கு அந்த ஸ்கூல் வழியாகவே கூட்டிப் போங்கள். இனிமேலும் மேட்டைச் சுற்ற முடியாது. முட்டி வலிக்கிறது எனக்கு.