பின்பக்கத்து மைக்

1

ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்துதான் இந்தக் கதையில் வந்து விழுந்தேன்.

என் தங்கை ஆம்புலன்சில் நர்ஸ். வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தவறு செய்துவிட்டேன், இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், விசாரணையே இல்லாமல் விட்டுவிடுகிறோம் என்று அலுவலகத்தில் சொல்லியனுப்பினார்கள். அவள் ஒரே சொல்லில் மாட்டேன் என்றுவிட்டாள். அவள் கணவர் என் வீட்டுக்கு ஓடி வந்தார். உள்ளே வாங்க என்றதற்குக்கூட வரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, நீங்க கதையெல்லாம் எழுதுறவங்க. ஒரு பக்கம் எழுதுறது உங்களுக்குப் பெரிய விஷயமா? எழுதிக் கொடுங்க. எப்படியாவது கையெழுத்து வாங்குறது என் பொறுப்பு."

எழுதினேன்.

"மதிப்புக்குரிய ஐயா, சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் பணியில் இருந்தபோது நான் உணர்ச்சிவசப்பட்டு—"

உணர்ச்சிவசப்பட்டாளா? எனக்கென்ன தெரியும்? அடித்தேன்.

"விதிமுறைகளைச் சரிவர அறியாத காரணத்தால்—"

விதிமுறை அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதையும் அடித்தேன். என்ன நடந்தது என்றே தெரியாமல் எதற்கு மன்னிப்புக் கேட்பது? தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

2

முதலில் அந்த ரேடியோவைச் சொல்லிவிடுகிறேன்.

[கதைக்கு நடுவே எந்திரத்தை விளக்கினால் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார் என்று பதிப்பாளர்கள் பயமுறுத்துவார்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள். வம்பு மொத்தமும் இந்தப் பத்து வரிக்குள்தான் இருக்கிறது.]

வண்டிக்கு ரேடியோ ஒன்றுதான். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இரும்புப் பெட்டிக்குள் அது பாட்டுக்குக் கிடக்கும். அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகைகள்தான் இரண்டு. ஒன்று முன்னால், டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில். இன்னொன்று பின்னால், நோயாளியின் தலைமாட்டில். இரண்டிலும் தனித்தனி மைக், தனித்தனி ஸ்பீக்கர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் பேச்சு இரண்டு பக்கமும் கேட்கும். பதில் பேச மட்டும் ஒரு நேரத்தில் ஒருவரால்தான் முடியும். பொத்தானை அழுத்தி யார் பிடியை, அதாவது பேசும் முறையை, எடுக்கிறாரோ அவர் பலகையில் பச்சை விளக்கு, மறுபக்கம் சிவப்பு. சிவப்பு எரியும் மைக்கில் தொண்டை கிழியக் கத்தினாலும் வண்டியைத் தாண்டி ஒரு எழுத்துகூடப் போகாது. முன்னும் பின்னும் தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்டர்காம் உண்டு. முன்னால் இருப்பவர் வெளியே பேசிக்கொண்டிருந்தால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

எந்திரத்தைச் செய்தவர்கள் இரண்டு பலகைக்கும் ஒரே உரிமையைத்தான் கொடுத்திருந்தார்கள். அலுவலகத்தில் இருக்கும் வண்டிப் பொறுப்பாளர் கொடுக்கவில்லை. "பின்பக்கம்: கேட்க மட்டும்" என்று அச்சடித்து எல்லா வண்டியிலும் ஒட்டிவிட்டார். கேட்க மட்டும்தான் என்றால் மைக் எதற்கு என்று தங்கை ஒருமுறை கேட்டாளாம். "அது வரும்போதே மாட்டித்தாம்மா வந்துச்சு" என்றாராம்.

3

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் ஒன்று இது:

"டிரைவர் முரட்டு ஆசாமி. ஒரு பெண் சொல்லிக் கேட்பதைத் தன் மீசைக்கே இழுக்காக நினைப்பவர். அன்றும் அவர் மீசையை முறுக்கியபடி—"

தங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

"யாருக்கா இது?"

"உங்க டிரைவர்."

"அவருக்கு மீசையே கிடையாது."

"கதைக்கு ஒரு வில்லன் வேணாமாடி?"

"வேணும்னா வேற எங்கேயாவது தேடிக்கோ. அன்னிக்கு அவரும் என்னை மாதிரி மாட்டிக்கிட்டுத்தான் இருந்தார். எனக்காகப் பேசுறேன்னு சொல்லிட்டு என் மைக்கையே நீ அமுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. கையை எடு. நான் சொல்றேன், அதை எழுது."

சுருக்கென்றது. கையை எடுத்தேன். [முழுக்க எடுத்தேனா என்பது சந்தேகம்தான். எழுதுகிறவளின் கை அவ்வளவு லேசில் விலகாது. கீழே ஏதாவது ஜோடித்த மாதிரி தெரிந்தால் பழி என்மீது, அவள்மீது இல்லை.]

4

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது. சலவை நிலையத்தில் துணி தேய்க்கும் ஐம்பது வயது அம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் கண்ணாடி எங்கம்மா?" அவருடைய மூக்குக்கண்ணாடி, துணி தேய்க்கும் மேஜையிலேயே தங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறை உத்தரவிட்டது. இருபத்தைந்து நிமிட தூரம்.

எட்டாவது நிமிடத்தில் திரையில் இதயத்துடிப்பின் கோடு தாறுமாறாக ஓடத் தொடங்கியது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த அம்மாளின் கை தங்கையின் கைக்குள் சில்லிட்டது. அடுத்த இடது திருப்பத்தில் திரும்பினால் நான்கே நிமிடத்தில் சின்னதாக ஓர் இதய ஆஸ்பத்திரி. அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டால் அப்புறம் மேம்பாலம்தான்; ஏறிய வண்டி இறங்க வழியே கிடையாது.

இன்டர்காமை அழுத்தினாள். அடைத்துக் கிடந்தது. ஸ்பீக்கரில் வண்டிப் பொறுப்பாளரின் குரல்.

"ஞாயித்துக்கிழமை நீ லீவுன்னா உன் இடத்துல யாரைப் போடுறது? நீயே ஒரு ஆளைச் சொல்லு."

டிரைவர் ஒரு பெயரைச் சொன்னார். அது சரிப்படாது என்றார் பொறுப்பாளர். டிரைவர் இன்னொரு பெயரை யோசித்தார். தங்கை முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கும் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள். அவர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்: ஒரு நிமிஷம்.

"அந்த ஒரு நிமிஷம்தான்க்கா எங்கிட்ட இல்ல" என்றாள் என்னிடம்.

பொறுப்பாளர் கேள்வியை முடித்துவிட்டுப் பதிலுக்காக விட்ட இடைவெளியில் பொத்தானை அழுத்தினாள். அவள் பக்கம் பச்சை எரிந்தது.

"வண்டி ஏழு, பின்பக்கம் பேசுறேன். நோயாளி ரொம்ப மோசமாயிட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்காது. இடது பக்கம் திரும்பி இதய ஆஸ்பத்திரிக்குப் போறோம். வாசல்ல டாக்டரை நிக்கச் சொல்லுங்க."

ஊரில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை ஆம்புலன்சுகளிலும் அது கேட்டது. பொறுப்பாளர்தான் முதலில் பாய்ந்தார்.

"யார் பேசுறது? டிரைவர் எங்க?"

"டிரைவர் வண்டி ஓட்டுறார். நான் பேசுறேன்."

"பின்பக்கம் பேசக் கூடாதுன்னு ஒட்டியிருக்கா இல்லையா?"

"ஒட்டியிருக்கு சார். படிச்சுட்டுத்தான் பேசுறேன்."

"டிரைவர்! நீ பிடியை எடு! பெரிய ஆஸ்பத்திரிக்கே போ!"

அவள் பலகையில் சிவப்பு விழுந்தது. முன்னால் டிரைவர் அழுத்திவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாளாம். கோபம்கூட வரவில்லையாம். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, "என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

ஸ்பீக்கரில் டிரைவரின் குரல் நிதானமாக வந்தது. "சார், திரும்பிட்டேன். இடது பக்கம்."

வண்டி சாய்ந்தது. மருந்துப் பெட்டி சறுக்கிக்கொண்டு போய்க் கதவில் மோதியது. டிரைவர் பிடியை விட்டுவிட்டு மைக்கைக் கொக்கியில் மாட்டினார். தங்கை மறுபடி எடுத்துக்கொண்டாள். பொறுப்பாளர் பேச வாய் திறப்பதற்குள் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண் குறுக்கே வந்துவிட்டாள்.

"வண்டி ஏழு பின்பக்கம், வாசல்ல டாக்டர் நிக்கிறாங்க. ரத்த அழுத்தம் சொல்லுங்க."

தங்கை சொன்னாள். நான்கு நிமிடமும் அவள்தான் பேசினாள்.

5

இதுவரை எழுதியதைத் தங்கை கணவரிடம் காட்டினேன். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர் பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இதுல மன்னிப்பு எங்கேயும் காணோமே?"

"தேடிப் பார்த்தேன். கிடைக்கல."

"சரி, அந்த அம்மா பிழைச்சாங்கன்னா அதை மேலே, முதல் வரியிலேயே போடுங்க. விட்டுடுவாங்க. பிழைக்கலன்னா—"

உள்ளறையிலிருந்து தங்கை வந்தாள். "ரெண்டையும் போடக் கூடாது."

"ஏம்மா?" என்றார் அவர்.

"பிழைச்சதாலதான் நான் செஞ்சது சரின்னா, பிழைக்காம போயிருந்தா தப்பா? அந்தத் திருப்பத்துல எனக்கு எதுவும் தெரியாது. தெரியாமத்தான் பேசினேன். நாளைக்கு இதே மாதிரி இன்னொருத்தங்க படுத்திருந்தாலும் பேசுவேன். அதுக்கு என்ன சொல்றாங்களோ சொல்லட்டும்."

அவர் தாள்களை அடுக்கி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "விசாரணை எத்தனை மணிக்கு?" என்றார்.

"பத்துக்கு."

"நானும் லீவு போடுறேன்."

6

விசாரணை அறைக்கு வெளியே மர பெஞ்சில் நானும் தங்கை கணவரும் உட்கார்ந்திருந்தோம். சாட்சி சொல்ல வந்த டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சத்தியமாக மீசை இல்லை. கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே பேசுவது கேட்டது. இடுக்கு வழியாகப் பாதி மேஜையும் தெரிந்தது.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. கோப்பைத் திறந்தார். முதல் தாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம், அந்த அம்மாள் பிழைத்தாரா இல்லையா என்று சொல்வது.

"மேடம்," என்றாள் தங்கை, "அந்தத் தாளைக் கவிழ்த்து வெச்சுடுங்க. தீர்ப்பு சொன்ன பிறகு படிங்க."

"இது சலுகை கேட்கிற மாதிரி இருக்கே?" என்றார் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த பொறுப்பாளர்.

"சலுகை இல்ல சார். எனக்குத் தெரியாம இருந்தது அவங்களுக்கும் தெரியாம இருக்கட்டும்." அதிகாரி தாளைக் கவிழ்த்து வைப்பது இடுக்கு வழியாகத் தெரிந்தது.

இதற்குப் பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அதிகாரி எழுந்து அவள் கையைக் குலுக்குகிறார், சினிமாத்தனம், கிழித்தேன். இன்னொன்றில் வேலை போய்விடுகிறது, தங்கை தலை நிமிர்ந்து படியிறங்கி—அதுவும் சினிமாதான், அழுகைச் சினிமா. மூன்றாவது, நிஜமாக நடந்தது. அதை எழுதிய தாளை நான் கிழிக்கவில்லை. உங்களிடம் கொடுக்கவும் போவதில்லை.

அந்த அம்மாள் என்ன ஆனார் என்பதும் எனக்குத் தெரியும். கேட்காதீர்கள். கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். தெரிந்துவிட்டால் நீங்கள் என் தங்கையை மறந்துவிட்டு முடிவை வைத்துக் கணக்குப் பார்ப்பீர்கள்.

தாறுமாறாக ஓடும் ஒரு கோடு. சில்லிட்ட ஒரு கை. நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு திருப்பம். ஞாயிற்றுக்கிழமைக்கு யாரைப் போடுவது என்று கேட்கும் ஒரு குரல். அவளிடம் இருந்தது இவ்வளவுதான். இப்போது உங்களிடமும் அவ்வளவுதான் இருக்கிறது.

தாள் கவிழ்ந்து கிடக்கிறது. சொல்லுங்கள், அவள் செய்தது தப்பா?