தகடு போகாத இடைவெளி

தொழிற்சாலைகளில் அவளுக்குத் 'தகடு மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான்; முகத்துக்கு நேரே வெறும் மேடம். ஆலை மோட்டார்களின் ஆய்வாளர் என்று அரசாங்கம் கொடுத்த பதவிப் பெயரைவிட இந்தப் பெயருக்குத்தான் செல்வாக்கு அதிகம். அவளுடைய கைப்பையில் எப்போதும் எஃகுத் தகடுகளின் கட்டு ஒன்று இருக்கும். விசிறி மாதிரி விரியும். ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு கனம். எந்த மோட்டாரைக் கண்டாலும் மூடியும் கூடும் சேருகிற இடத்தில் குனிந்து, தகட்டைச் செருகிப் பார்க்காமல் நகர மாட்டாள். "மேடம் கல்யாண வீட்டுக்குப் போனாலும் கதவிடுக்குல தகடு விட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள போவாங்க" என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யார் தலை எதற்காக உருண்டது என்பது விளங்காது. பெயிண்ட் ஆலையின் கலவைக் கூடத்தில் தின்னர் ஆவி எந்நேரமும் காற்றில் நிற்கும். அது மோட்டாருக்குள்ளும் போகும். தடுப்பது நடக்கிற காரியமில்லை. உள்ளே ஒரு பொறி பறந்தால் வெடிக்கும். விதி எழுதியவர்கள் யோசித்து வேறு வழி கண்டார்கள்: வெடிக்கட்டும், ஆனால் உள்ளேயே வெடித்து அடங்கட்டும். கனத்த வார்ப்பிரும்புக் கூடு அதைத் தாங்கும். மூடியும் கூடும் சேருகிற இடத்தில் இரும்போடு இரும்பு உட்கார்ந்து, மயிரிழை இடைவெளி மட்டும் இருக்கும். அந்தச் சந்து வழியே வெளியே வருவதற்குள் நெருப்பின் சூட்டை இரும்பு உறிஞ்சிவிடும். சந்து அகலமானால் நெருப்பு நெருப்பாகவே வெளியே வரும். ஆகவே பதினைந்து என்று எண் பொறித்த, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் பதினைந்து பங்கு கனமுள்ள தகடு அந்த இடைவெளிக்குள் நுழையக் கூடாது. நுழைந்தால் ஃபெயில், நுழையாவிட்டால் பாஸ். இவ்வளவுதான் விதி.

அந்த ஆலையின் ஃபிட்டருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: மில்லி. ஒரு கம்பியை வெட்டிக் கொடுங்கள் என்றால்கூட "எத்தனை மில்லி?" என்று கேட்பார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அரை வேலை செய்யத் தெரியாத மனுஷன். சூப்பர்வைசருக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். "நாளைக்கு முடிக்க வேண்டியதை அடுத்த வருஷம் முடிப்பாரு" என்பார்.

அவள் முதல் தடவை அந்த ஆலைக்கு ஆய்வுக்குப் போனபோது கலவைக் கூடத்தின் மூன்றாம் மோட்டாரில் மூடி சேரும் இடம் முழுக்கத் துரு. தரை கழுவுகிறவர்கள் குழாயைப் பிடித்து மோட்டாரையும் சேர்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். அவள் படிவத்தில் எழுதினாள்: 'இணைப்பு வழியாக நீர் புகுகிறது. சரிசெய்யவும்.' எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதவில்லை. அதற்கென்றே அனுமதித்த கிரீஸ் இருக்கிறது. துருவைத் துடைத்து அதைத் தடவினால் போதும். படிவத்தில் எழுதுகிற கட்டம் சின்னது. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்போ பெரியது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனாள். மூன்றாம் மோட்டார் புதுச் சாம்பல் நிறப் பெயிண்ட்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றது. தண்ணீர் புகவில்லை, துரு இல்லை. குனிந்து பதினைந்தை வைத்தாள். போகவில்லை. கை பழக்கத்தில் பத்தை வைத்தாள். அதுவும் போகவில்லை. கடைசியில், கட்டிலேயே மெல்லிசான ஐந்தை வைத்தாள். நோட்டுப் புத்தகத் தாளின் கனம்கூட இல்லாத தகடு அது. அதுவும் முனை மடங்கி நின்றது. இரும்பு இரும்போடு அவ்வளவு இறுக்கமாக ஒருநாளும் உட்காராது. அவளுக்கு அது தெரியும். இருபத்தோரு வருஷமாகத் தெரியும். ஒரு நிமிஷம் குனிந்தபடியே நின்றாள். அன்று இன்னும் பதினான்கு மோட்டார்கள் பாக்கி இருந்தன. விதி கேட்பது பதினைந்தைத்தான், பதினைந்து போகவில்லை. பாஸ் என்று டிக் அடித்தாள்.

அடித்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நிமிர்ந்து, "யார் செஞ்ச வேலை இது? ரொம்ப சுத்தமா இருக்கு" என்றாள். மில்லி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்து நின்றார். அவர் முகம் பூரித்துப்போனதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்தச் சுத்தம் என்னவென்றால், மூடிக்கும் கூட்டுக்கும் நடுவில் ரப்பர் ஷீட்டை அளவெடுத்து வெட்டி, விளிம்பு துளி வெளியே தெரியாமல் சீவி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார். தண்ணீருக்கு அது அருமையான வைத்தியம். நெருப்புக்கோ, கதவைத் திறந்து வைத்து வா என்று அழைப்பது போல. உள்ளே வெடித்தால் முதலில் ரப்பர் பிய்த்துக்கொண்டு போகும். அது விட்டுப்போன அகலத்தில் நெருப்பு முழுசாக வெளியே வரும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மதியம் அது நடந்தது. கலவை இயந்திரம் ஓட்டியவர் ஒருவர், டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற பெண் ஒருத்தி, இரண்டு பேர் போனார்கள். மூன்றாவது ஆளை மில்லிதான் உள்ளே புகுந்து இழுத்து வந்தார். அவருடைய இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோனது.

மறுநாள் அலுவலகத்தில் புகைப்படங்கள் மேஜை மேஜையாகச் சுற்றின. கரிந்த மூன்றாம் மோட்டாரின் மூடி இடுக்கில் ரப்பர் துண்டு ஒன்று தொங்கியது. அவள் அந்தப் படத்தை அடுத்த மேஜைக்கு நகர்த்தாமல் கையிலேயே வைத்திருந்தாள். பக்கத்து மேஜைக்காரர் படத்தை எட்டிப் பார்த்து, "அறிவு கெட்டவன், நீங்க பாத்துட்டு வந்தப்புறம் ரப்பர் வெச்சிருக்கான் மேடம்" என்றார்.

"ம்" என்றாள் அவள்.

இந்தக் கதையில் அவள் செய்த பெரிய தப்பு எதுவென்று என்னைக் கேட்டால், டிக் அடித்ததைச் சொல்ல மாட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும். இந்த 'ம்'மைத்தான் சொல்வேன்.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டார், நிமிரவில்லை.

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"கேக்காத கேள்விக்குப் பதில் எழுதினா எந்தப் பரீட்சையிலயும் மார்க் கிடையாது. பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு. வாயை மூடிக்கிட்டு இரு."

"பழி ஃபிட்டர் தலையில விழுதுங்க."

"ரப்பரை வெச்சது அவர்தானே?"

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த நாளையிலிருந்து எண்ணிப் பதினோரு நாள் போனது. தைரியம் வரும் என்று காத்திருந்தாள். அது என்ன பஸ்ஸா, நின்றால் வருவதற்கு? பன்னிரண்டாம் நாள் விசாரணைக் குழுவிடமிருந்து கடிதம்தான் வந்தது, அன்றே பதினொரு மணிக்கு ஆஜராகச் சொல்லி.

குழு உட்கார்ந்திருந்தது இரண்டாம் மாடியில். வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. அதில் மில்லியும் அவர் மனைவியும். அவளைக் கண்டதும் மில்லி கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கட்டுகளைப் பார்த்தாள்.

"மேடம், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நான் மூணு நாள் முன்னாடியே வக்கீல் மூலமா எழுதிக் கொடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"நீங்க பாத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் ரப்பர் வெச்சேன்னு."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வெச்சது நான்தானே மேடம். அதுல உங்களை எதுக்கு இழுக்கணும்? நீங்க ஒருத்தர்தான் எங்க வேலையைக் குனிஞ்சு பாப்பீங்க. மத்தவங்க நின்ன இடத்துல இருந்தே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். "நானா எதையும் தேடிப் பிடிச்சு வெக்கலை. கிரீஸ் எதாவது வாங்கணுமான்னு கேட்டேன். சூப்பர்வைசர்தான் ரப்பர் ஷீட்டை வாங்கிட்டு வந்து, இதை வெச்சு அடைன்னாரு. அதையும் எழுதிக் கொடுத்திருக்கேன். அது ஒண்ணுதான் எனக்குப் பிடி. குழு அதை ஏத்துக்கிட்டா ஜெயில் இருக்காதுன்னு வக்கீல் சொல்றாரு."

அவர் மனைவி கணவரின் சட்டைக் காலரை நீவிவிட்டு, அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கதவுக்கும் மேஜைக்கும் பத்தடிதான் இருக்கும். அந்தப் பத்தடியில் அவள் முடிவு செய்தாள். இந்த மனுஷனுடைய பொய்யின் நிழலில் இனி ஒளிந்துகொள்ளக் கூடாது. பழியில் பாதியையாவது தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல முடிவுதான். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் எடுத்திருந்தால் இன்னும் நல்ல முடிவு.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைமை ஆய்வாளர் அவளுக்குத் தெரிந்தவர். அவள் வேலையில் சேர்ந்த புதிதில் அவளோடு ஆய்வுக்கு வந்தவர். சம்பிரதாயமாகக் கேட்டார்: "நீங்க ஆய்வு செஞ்சப்ப ரப்பர் இல்லை. சரிதானே?"

"இருந்துச்சு சார்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சரிசெய்யவும் என்று ஒற்றை வரி எழுதியதை, பதினைந்து போகாததை, ஐந்தும் போகாததை, சந்தேகம் வந்தும் டிக் அடித்ததை. சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்த பாறை நகர்ந்தது. பதினோரு நாளுக்குப் பிறகு முழுசாக மூச்சு விட்டாள்.

தலைமை ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பதினைந்து போகலை?"

"போகலை சார்."

"விதியும் அதைத்தானே கேக்குது? மூடியைக் கழட்டிப் பாக்கணும்னு இந்த ஆய்வுல இல்லை. ரப்பர் வெளியில தெரியலைன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப நீங்க செஞ்சதுல விதிமீறல் எங்க இருக்கு?"

"எனக்குச் சந்தேகம் வந்துச்சு சார்."

"சந்தேகத்துக்குப் படிவத்துல கட்டம் இருக்காம்மா?"

"இல்லை."

"ரப்பர் வையுங்கன்னு எழுதினீங்களா?"

"இல்லை சார். ஆனா..."

"இணைப்புல வேற பொருள் எதுவும் வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. வெச்சது நீங்க இல்லை." தட்டச்சுக்காரப் பெண்ணிடம் திரும்பி, "ஆய்வாளர் தரப்பில் குறை இல்லைன்னு போடுங்க" என்றார். எதிரே இருந்தவள் மேல் அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் கொடுமை.

ஓரத்தில் இருந்த உறுப்பினர் தனக்கு முன்னாலிருந்த தாள்களில் ஒன்றை உருவினார். "அப்போ ஆய்வுக்கு அப்புறம்தான் வெச்சேன்னு ஃபிட்டர் எழுதிக் கொடுத்தது பொய்."

"அது எனக்காகச் சொன்னது சார்."

"யாருக்காகவோ இருக்கட்டும். முறைப்படி பதிவான வாக்குமூலத்துல பொய். சூப்பர்வைசர்தான் ரப்பர் வாங்கிக் கொடுத்தாருன்னும் இதே வாக்குமூலத்துலதான் சொல்லியிருக்காரு. சூப்பர்வைசர் இல்லவே இல்லைங்கறாரு. பில்லும் கிடையாது." தாளைக் கவிழ்த்து வைத்தார். "இனிமே இந்த ஆள் சொல்றதை எதை நம்பி ஏத்துக்கறது?"

"அது உண்மை சார். அதை நம்புங்க."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அவள் பார்க்கவில்லை. என்ன சொல்லியும் அந்த ஒரு கேள்வியைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் தலைமை ஆய்வாளர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, "நீங்க சொன்னதை வெச்சுத்தானேம்மா இந்த முடிவுக்கு வர்றோம். போயிட்டு வாங்க. திங்கட்கிழமையிலிருந்து வழக்கம்போல ஆய்வுக்குப் போங்க" என்றார்.

அவள் வெளியே வருவதற்கும் மில்லியை உள்ளே கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது. மில்லி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்திருக்க வேண்டும். கதவு சாத்திக்கொண்டது. அவள் பெஞ்சில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லாமல் ஓடிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அப்படித் தோன்றியதே அவமானமாக இருந்தது, உட்கார்ந்துவிட்டாள்.

அந்த அம்மா அழவில்லை. கதவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நெருப்புப் பிடிச்ச மறுநாளே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, அவரு பொய்யே சொல்லியிருக்க மாட்டாரே மேடம்."

"ஆமாம்மா."

"இத்தனை நாள் பேசாம இருந்தவங்க, இன்னைக்கும் பேசாமலே இருந்திருந்தா அந்தப் பிடியாவது அவருக்கு மிஞ்சியிருக்கும்."

"ஆமாம்மா."

உள்ளே யாரோ குரலை உயர்த்துவது கேட்டது. பிறகு மில்லியின் குரல், மெதுவாக, ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் அறுந்தது. அப்புறம் அது கேட்கவே இல்லை.

"நீங்க கிளம்புங்க மேடம்" என்றாள் அவர் மனைவி. "அவரு வெளிய வரும்போது நீங்க இங்க இருக்க வேண்டாம். இவ்வளவுக்கு அப்புறமும் உங்களைப் பாத்தா மரியாதையா ஓரமா ஒதுங்கி நிப்பாரு. அதைப் பாக்க என்னால ஆகாது."

அவள் எழுந்து படியிறங்கினாள்.