வாயைக் கட்டி ஓடிய மாதம்

ஸ்கேன் அறையில் சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தேன். வலது விலாவுக்குக் கீழே ஜில்லென்று பசையைத் தடவிய பெண், "மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கோங்க" என்றாள். போன மாதம் இதே கட்டிலில் இதே பெண் சொன்னபோது பாதியிலேயே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இன்று அவளாக "விடுங்க" என்று சொல்லும்வரை பிடித்திருந்தேன். மூச்சைப் பிடிப்பதற்கா இங்கே மார்க் போடப் போகிறார்கள்? கல்லீரலில் கொழுப்பு குறைந்ததா இல்லையா, அதுதான் கேள்வி. குறைந்திருந்தால் கல்லீரலில் ஒரு பாதியை எடுத்து, கல்லீரல் கெட்டுப்போன என் தங்கைக்கு வைப்பார்கள். குறையாவிட்டால் வைக்கமாட்டார்கள். அவள் கணவருக்கு ரத்த வகை சேரவில்லை, என் மனைவிக்குச் சர்க்கரை. இரண்டு குடும்பத்தையும் சலித்துப் பார்த்ததில் தேறியது நான் ஒருவன்தான். நானும் அரைகுறையாகத்தான் தேறினேன்.

போன மாதம் டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இந்த நிலைமையில எடுக்க முடியாது. ஒரு மாசம் தரேன். வாயைக் கட்டுங்க, தினமும் ஓடுங்க. அதுக்கு மேல அவங்களால காத்திருக்க முடியாது" என்றார். மஞ்சள் பூத்த கண்களோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு சின்ன வயசுலேர்ந்து நான் சொல்லிட்டே இருந்தேன்ல? இப்பப் படம் புடிச்சே காமிச்சுட்டாங்க" என்றாள். டாக்டரம்மாகூடச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு தங்கை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது எடுத்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நான் பேக்கரியில் கேக் மாஸ்டர். நாற்பதைத் தாண்டும்வரை எதற்காகவும் ஓடியதில்லை. பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற ஆள். முதல் நாள் விடிகாலையில் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும்தான் ஓடினேன், அதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவனுக்குப் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. தங்கை வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். காலை டியூட்டியைச் சக ஊழியர் ஒருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் வர வேண்டும் என்று தாமாகவே முடிவு செய்திருந்தார்.

அன்றிலிருந்து நிழல் மாதிரி தொடர்ந்தார். "மச்சான், லெஃப்ட்ல பள்ளம்." "மச்சான், நாய் படுத்திருக்கு, ஒதுங்கிக்கங்க." "ஈரமா இருக்கு, மெதுவா மெதுவா." ஒரு பஸ் நிறையப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வருகிற கவனம் அந்த முகத்தில் இருக்கும். மூச்சு வாங்குகிறவனுக்கு அடுத்தவர் பேச்சு எவ்வளவு எரிச்சல் என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"மாப்ள, நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? எனக்குக் கண்ணு இல்லையா? வீட்டுக்குப் போங்க."

அவர் காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்னால குடுக்க முடிஞ்சிருந்தா உங்கள ஓட விட்டிருப்பேனா மச்சான்? எனக்குன்னு மிஞ்சினது இந்தப் பள்ளத்தக் காமிக்கிறதுதான்."

மறுபடி ஓட ஆரம்பித்தேன். கொஞ்ச தூரம் போனதும் "ரைட்ல கல்லு" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தால் முள் அசையவே இல்லை. வீட்டில் மனைவி அளந்து போட்டதைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. இனிப்பு என்ற பேச்சே கிடையாது. தூங்கும்போது நடந்துபோய்த் தின்கிறேனோ என்றுகூட மனைவியிடம் கேட்டேன். "அப்படி நடந்தா அதுவும் உடற்பயிற்சிதாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேக்கரியில் என்னோடு ஒரே மேஜையில் நின்று கேக்குகளில் பூ வேலை செய்கிற பெண்தான் கண்டுபிடித்தாள். ஒரு மதியம் கிரீம் அடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இப்ப வாயில என்ன வச்சீங்க?"

"ஒண்ணும் இல்லையே."

"விரலப் பாருங்க."

பார்த்தேன். மோதிர விரல் சுத்தமாக, ஈரமாக இருந்தது. மற்ற விரல்களில் கிரீம். இருபது வருடப் பழக்கம். கிரீம் பதத்துக்கு வந்துவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது, நாக்குதான் சொல்ல வேண்டும். கை தானாகப் போகிறது, வாய் தானாகத் திறக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பாத்திரம், எத்தனை வழிப்பு! காலையில் ஓடிக் கரைத்ததையெல்லாம் மாலைக்குள் விரல் விரலாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. மைதா மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். தங்கச்சி உயிரையல்லவா வழித்து நக்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அடுப்பில் இருந்ததை அந்தப் பூ வேலைப் பெண்தான் எடுத்து வைத்தாள், கருகாமல்.

மறுநாள் வாயின் மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்கு நின்றேன். டாக்டரம்மா சொன்னதை இப்படி எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விரல் வந்து வந்து துணியில் முட்டியது. சாயங்காலம் அவிழ்த்துப் பார்த்தால் பச்சைக் குழந்தையின் கழுத்துத்துணி மாதிரி ஒரே கிரீம் அப்பல். ருசி பார்க்கும் வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன்.

"இனிப்பு சரியா இருக்குண்ணே. ஆனா ஏதோ குறையுது."

"என்ன குறையுது?"

"அது தெரிஞ்சா நான் மாஸ்டர் ஆகியிருக்க மாட்டேனா?"

ஆனாலும் இரண்டு பேருமாகச் சமாளித்தோம். நாளாக நாளாகத் துணியில் அப்பல் குறைந்தது. முள்ளும் இறங்கத் தொடங்கியது. மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, ஏரிக்கரையைச் சுற்றி வரும்போது என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். கால்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் சைக்கிளை அழுத்தி மிதிக்கிற சத்தம். "மச்சான், கொஞ்சம் மெதுவா, நான் வர வேண்டாமா?" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தங்கை அங்கே சோறு இறங்காமல் படுத்திருக்க, நமக்கு ஓடுவதில் என்ன சந்தோஷம் என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் சுமந்துகொண்டுதான் மிச்ச நாட்களை ஓடினேன்.

ஸ்கேன் முடிந்து நானும் மாப்பிள்ளையும் எதிரில் உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பிரேக் போடுகிற மாதிரி.

"குறைஞ்சிருக்கு."

"போதுமா டாக்டர்?" என்றார் மாப்பிள்ளை.

"போதும். அடுத்த வாரமே வச்சுக்கலாம்."

"இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."

சொன்னார். நெஞ்சில் ஒரு மாதமாக ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதை உணர்ந்தேன். அறுவைச் சிகிச்சையின் ஆபத்துகளையும் அவர் மறைக்காமல் சொன்னார், இரண்டு உடம்புக்கும். கேட்டுக்கொண்டேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் போன மாதம் தூங்கவிடாமல் செய்தது கத்தி பற்றிய பயம் அல்ல, கத்தியே வைக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான். அது போய்விட்டது. வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். "சரிங்க" என்றாள். பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை என் தோளில் கை வைத்தவர், வண்டி நிறுத்தும் இடம் வரை அதை எடுக்கவில்லை.

சிகிச்சை வரைக்கும் ஓட்டத்தை விட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை ஏரியைச் சுற்றிவிட்டுத் தங்கை வீட்டுத் தெருவுக்குள் திரும்பினேன். வாசலில் ஒரு நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதத்தில் நான் ஓடுவதைப் பார்க்க அவள் வெளியே வந்தது அன்றுதான். எதிரே போய் நின்றேன், வியர்வை சொட்டச் சொட்ட.

"கிட்ட வா அண்ணே" என்றாள்.

போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் வலது விலாவுக்குக் கீழே வைத்தாள். மெலிந்த கை. ஈரச் சட்டைக்கு மேல் சூடாக இருந்தது.

"இங்கயா?"

"கொஞ்சம் கீழ."

கையைக் கீழே நகர்த்தினாள். என் மூச்சோடு அவள் கையும் ஏறி ஏறி இறங்கியது. மாப்பிள்ளை சைக்கிளைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ரொம்ப வேகமா ஏறி எறங்குது" என்றாள். "அவசரமே இல்ல. மெதுவா மூச்சு விடு."

மெதுவாக விட்டேன். அவள் கையை எடுக்கவில்லை.