பின்சக்கரம் ஏறும் முன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மாமியார் போட்ட கூச்சலிலிருந்து வந்தது. இடுப்பு எலும்பு முறிந்தவரை எங்கள் பழைய காரில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனபோது ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆபரேஷன் முடிந்தது. நாளை வீட்டுக்கு வரவேண்டும். "மறுபடி அந்தக் காரா? நான் இங்கேயே கெடக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

(வாடகைக் கார் பிடிக்கலாமே என்கிறீர்களா? பிடித்திருந்தால் கதை ஏது?)

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்து ஓய்ந்திருந்தது. வாசலில் கார்...'

அடித்துவிட்டேன். மழையாவது ஒன்றாவது, மண்டையைப் பிளக்கிற வெயில்.

சரி, இப்படி: காரின் பின்பக்கம் ஸ்டாண்டில் உயர்ந்து நின்றது, சக்கரங்கள் தொங்கின. அடியிலிருந்து என் நாத்தனாரின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. [இவளை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். கணக்கு டீச்சர். நாலு வீடியோ பார்த்துவிட்டு, "நாமளே மாட்டிடலாம் அண்ணி" என்று ஷாக் அப்சார்பர் ஜோடியோடு வந்து நின்றாள். கற்பனையாக இருந்தால் மெக்கானிக் ஆக்கியிருப்பேன்.]

கழற்றிய பழசை அமுக்கிப் பார்த்தேன். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி உள்ளே போனது. புதுசை அமுக்கினால் எனக்கு மூச்சு வாங்கியது.

"உள்ள அப்படி என்னதான்டி இருக்கு?"

"எண்ணெய். சின்ன ஓட்டை வழியா மெதுவாத்தான் போகும். அதான் குலுக்கல் அடங்குது."

அறுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. முறைத்தாள், விட்டுவிட்டேன்.

3

புதுசு இரண்டையும் மாட்டினாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் ஸ்பேனரை எடுத்து, கீழ் போல்ட் இரண்டையும் பல்லைக் கடித்து இறுக்கிவிட்டேன். எதையும் அரைகுறையாக விட எனக்கு மனசு வராது. கதை எழுதும்போதுகூட முடிவைத்தான் முதலில் எழுதுவேன்.

"ஐயோ அண்ணி! சக்கரம் தொங்கிட்டிருக்கறப்பவே இறுக்கிட்டீங்களா?"

"இறுக்கத்தானே போல்ட்டு?"

"கார் கீழ இறங்கி, எடை உக்காந்தப்புறம்தான் இறுக்கணும். இல்லைன்னா உள்ள இருக்கற ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு கிழிஞ்சிடும்."

தளர்த்தினோம். காரை இறக்கினோம். தரையோடு தரையாகப் படுத்து அவளே இறுக்கினாள். ஆஸ்பத்திரியில் படுத்தபடி போனில் விஷயம் கேட்ட அத்தை சொன்னது: "நீங்க ரெண்டு பேரும் மாட்டினீங்களா? நான் நடந்தே வந்துடறேன்."

4

வந்தது காரில்தான். நாத்தனார் ஓட்டினாள். தலையணைகளுக்கு நடுவே அத்தை, பக்கத்தில் நான். ஆஸ்பத்திரி வாசலிலேயே முதல் வேகத்தடை.

"அடியே, மெதுவா..."

"மெதுவாத்தாம்மா போறேன்."

அத்தை கண்ணை இறுக மூடி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது.

முடிவு ஒன்று: "தாண்டியாச்சா?" என்று கேட்டபடி அத்தை கண்ணைத் திறக்கிறார்.

முடிவு இரண்டு: அதே பழைய கூச்சல். ஆஸ்பத்திரிக்கே திரும்ப—

இல்லை. இப்போதே எழுதினால் மறுபடியும் தொங்கும்போதே இறுக்கியவள் ஆவேன். அத்தைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இடமிருக்கிறது, ஏறி உட்காருங்கள். அவருடைய இன்னொரு கை சும்மாதான் இருக்கிறது. பிடித்துக்கொள்ளுங்கள், பின்சக்கரம் ஏறப்போகிறது.