குழாயடிப் பெருமையும் கோகிலாவின் சீட்டும்

தாராவியில் தண்ணீர் வரும் நேரத்தில் யாரும் சும்மா நின்று பேசுவதில்லை; பேசிக்கொண்டே தண்ணீர் பிடிப்பார்கள். சண்முகவடிவின் சந்தில் அந்தப் பேச்சுக்குத் தலைமை தாங்குபவள் அவளேதான். டிரம்மில் ஹோஸைச் சொருகிவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள் என்றால், அந்தச் சந்தில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது முதற்கொண்டு வெளியே வந்துவிடும்.

அன்றைக்கு அவள் வாய் நிறைய மகள் பேச்சுதான். கோகிலவாணிக்கு நுழைவுத் தேர்வில் நல்ல மார்க். சர்க்கார் யூனிவர்சிட்டி காலேஜில் இன்ஜினியரிங் சீட் வந்திருந்தது. ஃபீஸில் பாதியை மெரிட் ஸ்காலர்ஷிப் பார்த்துக்கொள்ளும். மறுபாதிக்கு, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு சலுகை உண்டு. அதற்குத் தாலுகா ஆபீஸ் கொடுக்கும் வருமானச் சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் காலேஜில் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பாதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் சீட்டும் போகும், அதோடு ஸ்காலர்ஷிப்பும் போகும்.

"அப்போ படிப்பு சும்மாவாக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு முத்துமாரி.

"சும்மாவா? ரெண்டு வருசமா எம் மவ அந்தப் பரண்ல குனிஞ்சு உக்காந்து படிச்சது ஒனக்குச் சும்மாவாட்டி? பாதி அவ மூளைக்கு, பாதி நம்ம நெலமைக்கு. சரியாத்தான் கணக்குப் போட்டிருக்காவ சர்க்கார்ல."

சான்றிதழ் வருவதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. புருஷன் சுடலைக்கண்ணன் லெதர் பேக் பட்டறையில் ஜிப் தைக்கிறவன். தைத்த பைக்குத்தான் கூலி. அவள் செம்பூர் காலனியில் இரண்டு வீடுகளுக்குச் சமையல். இருப்பது ஒற்றை அறையும் மேலே ஒரு பரணும். இதைப் பார்த்துவிட்டு எவன் இல்லை என்று சொல்வான்?

அப்போதுதான் கோகிலா போனைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் ஓடி வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"யம்மா, ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"என்னத்தட்டி?"

"சர்ட்டிஃபிகேட்ட. நமக்குச் சொந்தமா லெதர் ஃபேக்டரி இருக்காம். ஐரோலியில ஃப்ளாட் இருக்காம். அக்கம்பக்கத்துல விசாரிச்சதுல தெரிஞ்சதுன்னு போட்டிருக்கு."

முத்துமாரி மெல்ல ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தாள். டிரம் பாதிகூட நிரம்பவில்லை.

"ஏட்டி, நில்லு!" என்றாள் சண்முகவடிவு. "பாதி டிரம்மோட எங்க போற?"

முத்துமாரி கையைப் பிசைந்தாள். "யக்கா, நான் என்னத்தக் கண்டேன்? போன வாரம் நீ வேலைக்குப் போன நேரமாப் பாத்து ஒருத்தன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோள்ல ஒரு பேக்கு. சுடலைக்கண்ணன் குடும்பம் எப்படி, வருமானம் என்னன்னு இந்தியில கேட்டான். நான் மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னுலாக்கா நெனச்சேன்!"

"ஃபேக்டரின்னு சொன்னது யாரு?"

"அது நாந்தான். ஆனா சத்தியமா ஃப்ளாட்ட நான் சொல்லல. அது தங்கமயிலு."

எதிர்வீட்டுத் தங்கமயில் தலையைத் தொங்கப் போட்டாள். "நீ ஃபேக்டரின்ன. நான் அதுக்குக் கொறைச்சலா என்னத்தச் சொல்ல? ஒரு ஃப்ளாட்டச் சேத்து விட்டேன்."

சண்முகவடிவு திட்ட வாயெடுத்தாள். யாரைத் திட்டுவாள்? அந்தச் சந்தில் அப்படி ஒரு சட்டம் போட்டவளே அவள்தானே! ஒருமுறை முத்துமாரியின் தங்கைக்குச் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை தன் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு மராட்டிக்காரனை விசாரிக்க அனுப்பினான். ஆள் யாரென்று தெரியாமல் யாரோ ஒருத்தி உள்ளதை உள்ளபடி சொல்லப்போக, சம்பந்தம் முறிந்தது. அன்றைக்குக் குழாயடியில் நின்று சண்முகவடிவு முழங்கினாள்: "இனிமே பொண்ணு இருக்க வீட்டப் பத்தி எவன் வந்து எந்தப் பாஷையில கேட்டாலும் ஒசத்தியாத்தான் சொல்லணும். நம்ம மானத்த நாமதான் காப்பாத்தணும்." காப்பாற்றிய லட்சணம் இப்போது போனில் வந்து நிற்கிறது.

வேலைக்கு வர முடியாது என்று இரண்டு வீடுகளுக்கும் சொல்லிவிட்டு, மகளோடு தாலுகா ஆபீஸுக்குப் போனாள். வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான் புரோக்கர் சாய்நாத். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் தண்ணீர் பட்ட பாடு. கோகிலாவின் போனை வாங்கிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், பிறகு சிரித்தான்.

"டென்ஷன் எடுக்காத அக்கா. உள்ள செட்டிங் இருக்கு. ரிப்போர்ட்ட மாத்தி எழுதிடலாம். உன்னோட ஒரு மாசச் சம்பளம் மட்டும் எடுத்து வை. ஒரு பயலுக்குத் தெரியாது."

ஒரு பயலுக்குத் தெரியாது! அந்த வார்த்தைதான் சண்முகவடிவை இழுத்தது. காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். எவளும் ஆபீஸுக்கு வந்து "இவங்க இல்லாதப்பட்டவங்க" என்று சாட்சி சொல்ல வேண்டாம். ஃபேக்டரியும் ஃப்ளாட்டும் ஊர் வாயில் அப்படியே இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? அவள் கை தானாகக் காதுக் கம்மலுக்குப் போனது.

கோகிலா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எதுக்கும்மா அவனுக்குக் காசு?"

"பேசாம இருட்டி. காரியம் ஆகணும்லா."

"பொய்ய ஓசியிலதான சொன்னாங்க? உண்மைய எழுதுததுக்கு மட்டும் காசா? மார்க்கு நான் வாங்கினது. நம்ம கஷ்டம் நெசமான கஷ்டம். ரெண்டும் நெசமா இருக்கும்போது நடுவுல இவன் யாரு? இவனுக்குக் காசு குடுத்துத்தான் சேரணும்னா எனக்கு இந்த சீட்டே வேண்டாம். நெசமாத்தான் சொல்லுதேன்."

மகளை ஓங்கி ஒன்று போடலாமா என்று வந்தது. போடவில்லை. திமிர் பிடித்தவள் என்று மனசுக்குள் திட்டினாள். அந்தத் திமிர் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்ததால் அந்தத் திட்டும் நிலைக்கவில்லை.

"யோசிச்சு வா அக்கா, நாளைக்கு ரேட்டு ஏறிடும்" என்றான் சாய்நாத். ரேட்டாம்! தக்காளி விற்கிறான் போல.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் குழாயடியில் சண்முகவடிவு ஹோஸைக்கூடத் தொடவில்லை.

"எல்லாரும் தண்ணிய புடிச்சு வச்சிட்டு எங்கூட வாங்க. வந்து, எங்க வீடு எப்படி இருக்கோ அப்படியே அந்த ஆபீஸ்ல சொல்லணும்."

முத்துமாரி பதறினாள். "யக்கா, நாலு பேரு முன்னால போயி உன்ன இல்லாதவன்னு எப்படிச் சொல்ல? நாளைக்கு உம் மவளக் கேட்டு வாரவன் காதுல விழுந்தா?"

"விழட்டும். ஃபேக்டரியக் கேட்டு வாரவன் எம் மவளுக்கு எதுக்கு? அவ இன்ஜினியர் ஆகட்டும், யாரு வேணும்னு அவளே பாத்துக்கிடுவா. இத்தன நாளும் பொய்ய வாய் கூசாமச் சொன்னீங்கள்லா? இன்னைக்கு ஒரு நாளு உண்மையச் சொல்லுங்களேன், வாயி வெந்தா போயிரும்?"

எப்போதும் வாயே திறக்காத சுடலைக்கண்ணன் உள்ளேயிருந்து வந்தான். கூலி எவ்வளவு என்று பட்டறை முதலாளியிடம் எழுதி வாங்கிய தாள் அவன் கையில் இருந்தது. "ஒரு நாக் கூலி போனாப் போகுது. நானும் வாரேன்" என்றான். வாரக் கூலியைக்கூட வீட்டில் கூட்டிச் சொல்கிற மனுஷன்! சண்முகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சந்துப் பெண்களோடு திரண்டு போய் நின்றும், தாலுகா ஆபீஸில் கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கல் ஆனா" என்று கையை ஆட்டினான்.

"நாளைக்கு வரவா? நாளைக்குத்தாம்யா எம் மவளுக்குக் கடைசி நாளு!" சண்முகவடிவு போட்ட சத்தத்தில் உள்ளறையிலிருந்து அதிகாரி அம்மாவே எழுந்து வந்தாள். சண்முகவடிவுக்குத் தெரிந்த இந்தி, மார்க்கெட்டில் பேரம் பேசும் இந்திதான். அதை அப்படியே எடுத்து வீசினாள்.

"மேடம், ஹம் லோக் ஜூட் போலா! ஃபேக்டரி நை, ஃப்ளாட் நை. ஹம் கரீப் ஹை!"

நாங்கள் பொய் சொன்னோம், நாங்கள் ஏழைகள் என்று அத்தனை பேர் நடுவில் அவள் சொன்னதும், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் நிமிர்ந்தே நின்றாள். ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்க, கோகிலா இந்தியில் மாப்பிள்ளை வீட்டு விசாரணைக் கதையை முழுக்கச் சொன்னாள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் இந்தக் கூத்து உண்டு என்றாள். ஆனால் சிரிப்போடு விடவில்லை. விசாரணைக்குப் போன ரோஷனைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள்.

"பூட்டி இருந்தது மேடம். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க, எழுதிட்டேன்" என்று ரோஷன் இழுத்தான்.

"இப்பவே போய்ப் பார்த்துட்டு வா" என்று அனுப்பினாள் அதிகாரி.

சண்முகவடிவு தன் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு பூப்போட்ட திரையைத் தொங்க விட்டிருப்பாள். வெளியாள் ஒருவர் கண்ணுக்கும் உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்பதில் அவ்வளவு கறார். அன்றைக்கு அந்தத் திரையைத் தன் கையாலேயே ஒதுக்கிவிட்டாள். ஒரு அடுப்பு, சுருட்டி வைத்த பாய், தலை இடிக்கும் பரண், அதில் கோகிலாவின் புத்தகங்கள். உள்ளே கால் வைத்த ரோஷனுக்கு, திரும்பி வெளியே வரத்தான் இடம் இருந்தது. சுடலைக்கண்ணன் கூலித் தாளை நீட்டினான்.

வாசலில் நின்ற பெண்களுக்கோ வேகம் வந்துவிட்டது. செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் தேடுகிற அவசரம். தங்கமயில் முந்திக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள்: "சாப், இவங்க சோத்துக்கே வழியில்லாத ஜனங்க! பட்டினி, பட்டினி!"

"ஏட்டி, வாய மூடு!" சண்முகவடிவு பாய்ந்தாள். "ஒசத்தியும் வேண்டாம், தாழ்த்தியும் வேண்டாம். எங்க வீட்டுல மூணு வேளையும் சோறு உண்டு. ரெண்டு பேரும் ஒழைக்கோம். காலேஜ் ஃபீஸ் கட்டத்தான் வக்கில்ல. அத மட்டும் எழுதச் சொல்லு."

கோகிலா இந்தியில் சொல்ல, ரோஷன் அதை மட்டும் எழுதிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் சான்றிதழ் கைக்கு வந்தது. கோகிலா அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலேஜுக்கு ரயில் பிடிக்க இருவரும் வெளியே வந்தபோது, ஜெராக்ஸ் கடையில் சாய்நாத் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஆஸியா என்றொரு பெண் ரூபாய் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தன் பையனின் சான்றிதழுக்காக வந்தவள். சாய்நாத் சண்முகவடிவைப் பார்த்ததும் இளித்தான்.

"என்ன அக்கா, எங்கிட்ட குடுத்திருந்தா கமுக்கமா முடிஞ்சிருக்கும். இப்போ நீ இல்லாதவன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. உன் இஜ்ஜத், மானம் எல்லாம் என்ன ஆச்சு?"

ரயிலுக்கு நேரமாகிறது என்று கோகிலா கையைப் பிடித்து இழுத்தாள். சண்முகவடிவு நகரவில்லை.

"தெரியட்டும்ல! இல்லாதவன்னு சொல்லுததுக்கு நான் எதுக்குல வெக்கப்படணும்? எங்கூட்டுப் பாவமா அது? இல்லாதவகிட்ட, அவளுக்குச் சேர வேண்டியதக் குடுக்கதுக்குக் கை நீட்டுத பாரு, நீதாம்ல வெக்கப்படணும். ஸ்காலர்ஷிப்பு எம் மவ மார்க்குக்கு வந்தது. சலுகை எங்க ஒழைப்புக்குக் கூலி பத்தாததுனால வந்தது. ரெண்டும் பிச்சை இல்ல, எங்க உரிமை. உரிமையக் கேக்க வெக்கப்பட்டு நாங்க மறைச்சு வச்சோம் பாரு, அந்த வெக்கத்துலதாம்ல நீ ஸ்டூல் போட்டு உக்காந்து காசு பாக்குத!"

ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாய்நாத்தின் இளிப்பு போன இடம் தெரியவில்லை. ஆஸியா நோட்டுகளை மடித்துப் பர்ஸுக்குள் போட்டாள்.

"உள்ள யாரப் பாக்கணும்க்கா?" என்று கேட்டாள்.

"நேரா மேடத்தப் பாரு. குனிஞ்சு நிக்காத, குசுகுசுன்னும் பேசாத. நமக்குச் சேர வேண்டியத நாமதான் சத்தமாக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, மகளோடு ரயிலைப் பிடிக்க ஓடினாள் சண்முகவடிவு.